ஒலியை வெட்டும் விசைகள்

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு முன் மூட்டைகளாகவும் பெட்டிகளாகவும் ஏறி இறங்கிய சரக்குகளில் பெரும்பகுதி, பின்னர் பெரிய இரும்புப் பெட்டிகளுக்குள் போய்விட்டது. அந்த மாற்றத்தை நேரில் கண்ட பெரியவர்கள் வடசென்னையில் இன்றும் இருக்கிறார்கள். டோல்கேட் பகுதியில் வசிக்கும் அப்படிப்பட்ட ஒருவரை உங்கள் மாணவர் குழு பேட்டி காண்பதாக வைத்துக்கொள்வோம். அரை மணி நேரப் பேச்சு கைப்பேசியில் பதிவாகிறது. இடையிடையே லாரி ஹாரன், 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட உயர்பாதையில் ஓடும் மெட்ரோ ரயிலின் ஓசை, இருமல், மௌனம். இதைப் பத்து நிமிடமாகச் சுருக்கிப் பள்ளியில் ஒலிபரப்ப வேண்டும். எப்படிச் செய்வது?

நாடாவிலிருந்து எண்ணுக்கு

காந்த ஒலிநாடா இருந்த காலத்தில் இந்த வேலைக்குச் சவரக் கத்தி தேவைப்பட்டது. நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நாடாவில் வேண்டாத இடத்தைக் கண்டுபிடித்து, சாய்வாக வெட்டி, முனைகளை ஒட்டுத்தாளால் இணைப்பார்கள். தவறாக வெட்டினால் மீண்டும் ஒட்டுவது பெரும்பாடு.

கணினியில் நாடா இல்லை, எண்கள்தாம் உண்டு. ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதி வைப்பது ஒரு வழக்கமான முறை. 16 பிட் பதிவில் ஒவ்வோர் அளவும் -32,768 முதல் 32,767 வரையுள்ள ஓர் எண். அதற்கு 2 பைட் இடம் வேண்டும். ஆகவே ஒரு நிமிடப் பேச்சுக்கு 44,100 × 2 × 60 = 52,92,000 பைட்டுகள். இந்த நீண்ட எண் வரிசையைக் கையாள்வதே ஒலித் தொகுப்பு நிரலின் வேலை.

ஒரே எழுத்து, இரண்டு வேலை

ஆடாசிட்டி என்பது 2000ஆம் ஆண்டு வெளியான இலவச ஒலித் தொகுப்பு நிரல். அதன் 3ஆம் வரிசைப் பதிப்புகளில் உள்ள சில விசைகளைப் பார்ப்போம். இடைவெளி விசையை அழுத்தினால் ஒலி ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். 'ஆர்' பதிவைத் தொடங்கும்.

கன்ட்ரோல் விசை தனியாக ஒன்றும் செய்யாது. கூட அழுத்தும் விசையின் பொருளை மாற்றுவதே அதன் பணி. கன்ட்ரோலுடன் 'எக்ஸ்' சேர்ந்தால், தேர்ந்தெடுத்த பகுதி வெட்டப்படும். மீதிப் பேச்சு முன்னால் நகர்ந்து இடைவெளியை மூடும். கன்ட்ரோலுடன் 'எல்' சேர்ந்தால், அதே பகுதியின் எண்கள் எல்லாம் பூஜ்யமாகும்; நீளம் குறையாது. கன்ட்ரோலுடன் 'பி' சேர்ந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டலாம். வெட்டத் தொடங்குமுன் பேட்டி முழுவதையும் கேட்டு, 'ஹாரன்', 'முக்கியம்' என்று சீட்டு ஒட்டிக்கொள்வது நல்ல பழக்கம்.

கன்ட்ரோலுடன் 'இஸட்' சேர்ந்தால் கடைசியாகச் செய்தது ரத்தாகும். வெட்டிய பகுதி எப்படித் திரும்பி வருகிறது? நிரல் உண்மையில் எண்களை உடனே எறிந்துவிடுவதில்லை. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வரவேண்டும் என்ற பட்டியலைத்தான் மாற்றுகிறது. பழைய பட்டியலை எடுத்தால் பழைய ஒலி வந்துவிடும். ஆனால் கோப்பை மூடிவிட்டால் அந்தப் பழைய பட்டியல்கள் போய்விடும். ஆகையால் மூலப்பதிவின் நகல் ஒன்றைத் தனியே வைத்திருங்கள்.

'இஸட்' விசையைத் தனியாக அழுத்தினால் நடப்பது வேறு. வெட்டி ஒட்டிய இடத்தில் சில சமயம் 'டிக்' என்று ஓசை கேட்கும். ஒரு துண்டு 9,000 என்ற எண்ணில் முடிந்து, அடுத்தது -7,000இல் தொடங்கினால், ஒலிபெருக்கியின் கூம்பு திடீரென்று தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவல்தான் 'டிக்'. 'இஸட்' விசை, நாம் தேர்ந்தெடுத்த பகுதியின் இரு முனைகளையும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் அருகிலுள்ள புள்ளிகளுக்கு நகர்த்திவிடும். பிறகு வெட்டினால் தாவல் பெரிதும் குறையும்.

விசையால் முடியாதது

பெரியவர் பேசாத நேரத்தில் ஒலித்த ஹாரனை வெட்டிவிடலாம். பேசும்போதே ஒலித்தால்? ஒலிவாங்கியை அடையும்போது இரண்டு அலைகளும் கூடிவிடுகின்றன. குரலின் அளவு 3, ஹாரனின் அளவு 5 என்றால் பதிவாவது 8 மட்டுமே. 8 என்ற எண்ணைப் பார்த்து அது 3ம் 5மா, 6ம் 2மா என்று சொல்ல முடியுமா? இரைச்சலைக் குறைக்கும் நிரல்கள் ஊகித்துப் பிரிக்கின்றன. முழுமையாகப் பிரிப்பது அரிது. சாலையை ஒட்டிய திண்ணையைவிட உள்ளறையே பேட்டிக்கு ஏற்றது.

வெட்டிய இடத்தில் வெறும் பூஜ்யத்தை வைத்தால் பின்னணி திடீரென்று அறுந்தது போலிருக்கும். அதனால் அதே அறையில், யாரும் பேசாமல், அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் துண்டு இடைவெளிகளை நிரப்ப உதவும்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. பெரியவர் இவ்வாறு சொல்கிறார் என்று கொள்வோம்: "கன்டெய்னர் வந்தப்புறம் எங்களுக்கு வேலை இல்லேன்னு சொல்ல முடியாது. வேலை மாறிப்போச்சு." 'இல்லே' என்பதோடு வெட்டிவிட்டால் என்ன ஆகும்? அவர் மறுத்ததையே அவர் வாயாலே சொன்னதாகிவிடும். முனைகள் பூஜ்யத்தில் பொருந்தியிருந்தால் கேட்பவருக்குச் சந்தேகமும் வராது. தமிழில் மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. ஆகையால் வாக்கியம் முடியுமுன் வெட்டாதீர்கள். தொகுத்து முடித்ததும் பேசியவருக்கே போட்டுக் காட்டி, "நீங்கள் சொன்னது இதுதானா, ஐயா?" என்று கேளுங்கள். அவர் 'ஆம்' என்ற பிறகே ஒலிபரப்புங்கள்.

செய்து பாருங்கள்

1. "நான் நாளைக்கு வரேன்னு சொல்லலே" என்று பதிவு செய்யுங்கள். ஒரே வெட்டில் இதன் பொருள் தலைகீழாக எங்கே வெட்ட வேண்டும்?

2. ஒரு பேச்சை இருமுறை வெட்டுங்கள்: 'இஸட்' அழுத்தாமல் ஒருமுறை, அழுத்தி ஒருமுறை. காதொலிக்கருவியில் கேட்டு வேறுபாட்டை எழுதுங்கள்.

3. அரை மணி நேரப் பேட்டிக்கு, மேலே கண்ட அளவில், எத்தனை பைட் இடம் வேண்டும்?