சின்னி எந்த ஊர்?

கேள்வி: நாட்டு மருந்துக்கடையில் விற்கும் ரேவல்சின்னி, நம் மலையடிவாரத்தில் புதராக மண்டிக்கிடக்கும் சின்னிச்செடியின் வேர்தானே? (வாசகர், வடகரை)

பதில்: இல்லை. அடிவாரச் சின்னி ஆமணக்குக் குடும்பத்துப் புதர். ரேவல்சின்னியோ இமயத்திலும் சீனத்திலும் குளிர்ந்த உயரங்களில் விளையும் செடியின் மஞ்சள் கிழங்கு, ஆங்கிலத்தில் ரூபார்ப். பெயரே இதற்குச் சாட்சி. ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக வராது. அதனால்தான் இகரம் சேர்த்து ‘இரேவற்சின்னி’ என்றும் எழுதினார்கள். பாரசீகத்தில் இந்தக் கிழங்கு ‘ரேவந்த்’. ‘சீனி’ என்றால் சீனத்தது. ரேவந்த்சீனிதான் நம் வாயில் ரேவல்சின்னி ஆனது. இமயத்திலும் விளையும்போது சீனத்தை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். நான் ஓயாமல் சொல்லிவருவதுதான்: சரக்கின் பெயர் அது முளைத்த இடத்தைவிட வந்த வழியையே அதிகம் சொல்லும். ஒரே சீனக் கிழங்கு ருஷ்யா வழியே ஐரோப்பாவுக்குப் போனால் ருஷ்ய ரூபார்ப், துருக்கித் துறைமுகங்கள் வழியே போனால் துருக்கி ரூபார்ப் என்று விலைபோனது. கரும்பு நம் மண்ணில் தொன்றுதொட்டு விளைந்தும் தென்காசிக் கடையில் நாம் கேட்பது சீனி. அமெரிக்கக் கண்டத்துக் காய் பறங்கியரோடு வந்ததால் பறங்கிக்காய். இந்தக் கிழங்கின் மதிப்பு எவ்வளவு பெரிதாக நினைக்கப்பட்டது என்றால், தேயிலையும் ரூபார்பும் இல்லாமல் வெள்ளையர் உயிர்வாழ முடியாது என்றே சீன அதிகாரி லின் சிசூ 1839இல் விக்டோரியா ராணிக்கு எழுதிய கடிதத்தில் வாதிட்டார். அது தவறு, கிழங்கு பேதி மருந்து, உயிர்நாடி அல்ல.

கேள்வி: அப்படியானால் ரேவல்சின்னிப் பால், அந்தக் கிழங்கைப் பிழிந்து எடுத்ததா?

பதில்: அதுவும் இல்லை. இது ஒரு மரத்தின் மஞ்சள் பிசின். குற்றால சீசனில் கூறுகட்டி விற்கும் மங்குஸ்தானும் குழம்புக்குப் போடும் குடம்புளியும் அந்த மரத்துக்கு நெருங்கிய உறவு. குடம்புளி மரம்தான் இந்தப் பிசினைத் தருகிறது என்று நம்பி, தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பொருள்படவே அதற்குப் பெயர் வைத்தார்; பிழை இன்றும் அதன் தாவரவியல் பெயரில் நிற்கிறது. 1908இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரான் இந்தப் பிசினின் நுண்துகள்கள் நீரில் துள்ளுவதை அளந்து, மூலக்கூறுகள் மெய் என்று நிறுவினார். 1926இல் நோபல் பரிசு பெற்றார். செடிக்கும் மரத்துக்கும் ஒட்டுறவில்லாதபோது ஒரே பெயர் எப்படி வந்தது? இரண்டும் மஞ்சள், இரண்டும் பேதியாக்கும். கண்ணும் வயிறும் கண்ட ஒற்றுமையே பெயரை ஒட்டவைத்தது என்பது என் முடிவு. ஆனால் வலிமையில் இரண்டும் ஒன்றல்ல. கிழங்கின் வேகம் மிதமானது. பிசின் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வைத்தியர் எழுதித் தந்தது கிழங்கா, பாலா என்று கேட்டுத் தெளிந்த பிறகே கடைப்படி ஏறுங்கள்.