தொகையீட்டுக் குறியும் அச்சுக் கலையும்

உயர் கணித நூலொன்றைத் திறப்போர் கண்ணில், நெடிதாக நிமிர்ந்து இருமுனையும் வளைந்த குறியொன்று படும். எண்ணிறந்த நுண்பகுதிகளைக் கூட்டிப் பெறும் தொகையை அது குறிக்கும். செருமானியப் பேரறிஞர் லைப்னிட்சு 1675 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் அதனை முதன்முதல் எழுதினார். தொகை எனப் பொருள்படும் 'சும்மா' என்ற இலத்தீன் சொல்லின் முதலெழுத்தே அது. நம் வழக்கிலுள்ள சும்மா வேறு! பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822 இல் வெளியிட்ட வெப்பவியல் நூலில், தொடக்க எல்லை குறியின் அடியிலும் முடிவெல்லை தலையிலும் இடம்பெற்றன.

எழுதுவோர்க்கு எளிதான இக்குறி, அச்சுக் கோப்போர்க்குப் பெருந்தொல்லையாயிற்று. ஏனைய எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்க, இதுவோ வரியை மீறி உயர்ந்தது. அதன் இரு முனைகளிலும் சிற்றெண்கள் வேண்டும். அவற்றைத் தாங்க வெற்று ஈயத்துண்டுகளும் வேண்டும். சிறு பிழையும் பொருளைக் கெடுக்கும். 0 முதல் 1 வரை எக்ஸின் வர்க்கத்திற்குத் தொகையீடு மூன்றிலொரு பங்கு. மேலிருக்க வேண்டிய சிறிய 2 வரியளவில் இறங்கி, அது எக்ஸின் இருமடங்கு எனப் படிக்கப்படின், விடை 1 ஆகிவிடும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத், கணிப்பொறி நிரலாக்கம் பற்றிய பெருநூலின் முதற்றொகுதியை 1968 இல் வெளியிட்டார். 1977 இல் இரண்டாம் தொகுதியின் புதுப்பதிப்பிற்குரிய அச்சுப்படிகள் வந்தன. ஈய எழுத்துகளுக்கு மாற்றாக ஒளிப்பட முறையில் கோக்கப்பட்ட அவற்றின் தோற்றம் அவருக்கு மனநிறைவு தரவில்லை. நூற்பணியை நிறுத்திவிட்டு, கணிப்பொறியாலேயே எழுத்துக் கோக்கும் 'டெக்' என்னும் முறையை வகுக்கலானார். விரைவில் முடியும் என எண்ணிய பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது. எனினும் அதனை எவரும் விலையின்றிப் பயன்படுத்தவே அளித்தார்.

இம்முறையில் நூலாசிரியர் படம் வரைவதில்லை. பின்சாய்கோடிட்டு, தொகையீட்டின் ஆங்கிலப் பெயரில் முதல் மூன்றெழுத்துகளை எழுதுகிறார். அடிக்கோட்டின்பின் கீழெல்லையையும், கூரைபோன்ற குறியின்பின் மேலெல்லையையும் தருகிறார். அவற்றை எங்கு, எவ்வளவு சிறிதாக இடுவது என்பதைக் கணிப்பொறியே அளந்து முடிவு செய்யும். உரைவரிக்குள் குறி குறுகும். தனிவரியில் நெடிதாய் நிற்கும். தனிவரியில் கூட்டற்குறியாகிய சிக்மாவின் எல்லைகள் நேர்மேலும் கீழும் அமையும். தொகையீட்டின் எல்லைகளோ பக்கத்தில் ஒதுங்கும். ஏற்கெனவே உயர்ந்த குறி மேலும் உயர்ந்தால் பக்கத்தின் அழகு குன்றும் அன்றோ?

ஒன்று மட்டும் அப்பொறிக்குத் தெரியாது. இறுதியில் வரும் 'டி எக்ஸ்' என்பது ஒரே நுண்மாற்றத்தின் பெயர் என அது அறியாது. டி, எக்ஸ் என்னும் இரண்டின் பெருக்கமாகவே கொண்டு, முன்னுள்ள கோவையோடு ஒட்டிவிடும். ஆதலின் நூலாசிரியரே அதற்குமுன் பின்சாய்கோடும் காற்புள்ளியும் இட்டு, மெல்லிய இடைவெளியொன்றைக் கேட்டுப் பெறல் வேண்டும்.