திரும்பாத விமானத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் படையில் இறந்த விமானக் குழுவினர் 55,573 பேர். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ பழைய புகைப்படமாகத் தொங்கிக்கொண்டிருந்தால், அவர் எப்படி, எங்கே விழுந்தார் என்று இன்றும் கண்டுபிடிக்கலாம். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடித்துவிடுங்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரைப் போட்டால் படை எண், இறந்த தேதி, ஸ்குவாட்ரன், கல்லறை இருக்கும் ஊர் ஆகியவை பெரும்பாலும் கிடைத்துவிடும். அடுத்து, லிங்கன் நகரின் சர்வதேச குண்டுவீச்சுப் படை மையம் வைத்திருக்கும் இழப்புப் பட்டியல். விமானத்தின் எண், கிளம்பிய தளம், கூட இருந்தவர்கள் என்று அது அடுத்த கதவைத் திறக்கும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

தேதி விஷயத்தில் கவனம் தேவை. இந்த விமானங்கள் பெரும்பாலும் இரவில் போனவை. முன்னிரவில் கிளம்பி நள்ளிரவுக்குப் பிறகு விழுந்த விமானம், ஓர் ஏட்டில் ஒரு தேதியிலும் இன்னொன்றில் மறுநாள் தேதியிலும் இருக்கும். 1944 மார்ச் 30 இரவு தொடங்கி 31 விடியும்வரை நடந்த நூரம்பெர்க் தாக்குதலில் மட்டும் 95 விமானங்கள் திரும்பவில்லை. அதில் ஒன்றைத் தேடுபவர் இரண்டு நாள் பக்கங்களையும் புரட்ட வேண்டும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது: உங்கள் ஆளை மட்டும் தேடாதீர்கள். லங்காஸ்டர் விமானத்தில் பொதுவாக ஏழு பேர் பறந்தார்கள். பைலட், இன்ஜினியர், நேவிகேட்டர், குண்டு வீசுபவர், வயர்லெஸ்காரர், இரண்டு துப்பாக்கிக்காரர்கள். ஏழு பெயரையும், ஒவ்வொருவரும் எந்த நாட்டுப் படை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் ஆஸ்திரேலியராக இருந்துவிட்டால் அதிர்ஷ்டம். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏ 705' என்ற வரிசையில் விபத்துக் கோப்புகள் இருக்கின்றன. பலவற்றை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். கனடாக்காரர் என்றால், போரில் இறந்தவர்களின் பணிக் கோப்புகள் அந்நாட்டின் நூலக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெற்றோருக்குப் போன தந்தி, உயிர் தப்பிய தோழனின் வாக்குமூலம், போருக்குப் பின் கிராமம் கிராமமாகப் போய்ப் புதைகுழிகளைத் தோண்டி அடையாளம் பார்த்த தேடல் குழுவின் அறிக்கை போன்றவை இப்படிப்பட்ட கோப்புகளில்தான் அகப்படும். யாரோ ஒரு ஆஸ்திரேலிய இளைஞனின் கோப்பில் உங்கள் பெரிய தாத்தாவின் முடிவு எழுதியிருக்கலாம்.

பிரிட்டிஷ் கோப்புகளுக்கு லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஞாயிறும் திங்களும் விடுமுறை. வாசகர் அட்டைக்குப் பணம் கிடையாது. பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என இரண்டு சான்றுகள் வேண்டும். பையை லாக்கரில் வைத்துவிடுங்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்குவாட்ரன்களின் நடவடிக்கை ஏடுகள் 'ஏர் 27' வரிசையில் உள்ளன. அதில் படிவம் 540 அன்றாடக் குறிப்பு. 541 ஒவ்வொரு விமானத்தின் கணக்கு. குழுவினரின் பெயர்கள், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் அதில் உண்டு. திரும்பாத விமானத்துக்கு இறங்கிய நேரம் காலியாக இருக்கும். கிளம்பிய பின் தகவல் இல்லை என்கிற மாதிரி ஒற்றை வரி இருக்கும், அவ்வளவுதான். இத்தனை தூரம் வந்தது இதற்கா என்று தோன்றும். அத்தோடு எழுந்துவிடாமல் 'ஏர் 81' வரிசையில் விபத்துக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இவை 1939இலிருந்து ஆண்டு வரிசையில் படிப்படியாகக் காப்பகத்துக்கு வந்தவை. இருந்தால் நல்ல விருந்து.

எதிரி சுடாமலே விழுந்த விமானங்களும் ஏராளம். பயிற்சியிலும் பிற விபத்துகளிலும் இறந்தவர்களே 8,000க்கும் மேல். உங்கள் உறவினர் பயிற்சிப் பிரிவில் இருந்தவர் என்றால் 'ஏர் 29' பாருங்கள். விபத்தின் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லும் 1180 எண் படிவ அட்டைகளுக்கு, ஹெண்டனில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

காகிதம் முடிந்தபின் ஊர் பார்க்கலாம். லிங்கனில் கான்விக் குன்றின் மேல் நிற்கும், குண்டுவீச்சுப் படை மையத்தின் நினைவுக் கோபுரத்தின் உயரம் 31 மீட்டருக்குச் சற்று அதிகம். லங்காஸ்டரின் இரண்டு இறக்கைகளும் விரிந்த அகலம் அது. சுற்றியுள்ள சுவர்களில் ஏறத்தாழ 58,000 பெயர்கள். எந்தப் பலகை என்பதை இழப்புப் பட்டியலிலேயே குறித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். லண்டன் கிரீன் பார்க்கில் 2012இல் திறந்த குண்டுவீச்சுப் படை நினைவு மண்டபத்தில் ஏழு பேரின் வெண்கலச் சிலைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தலையைத் தூக்கிக் கூரையையும் பாருங்கள். அதன் அலுமினியம் பெல்ஜியத்தில் விழுந்த ஒரு ஹாலிஃபாக்ஸ் விமானத்திலிருந்து எடுத்தது.

உடல் கிடைக்காதவர் ஐரோப்பிய வானில் மறைந்திருந்தால் ரன்னிமீட் நினைவிடத்துக்குப் போங்கள்; அங்கே 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. எகம் ரயில் நிலையத்திலிருந்து மேட்டில் ஏற வேண்டும். வயதானவர்களோடு போனால் டாக்ஸி பிடியுங்கள். கீழ்த்திசையில் மறைந்தவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ளன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கக் கொழும்பிலிருந்து போன 11ஆம் ஸ்குவாட்ரனின் ஒன்பது பிளெனிம் விமானங்களில் ஐந்து அழிந்தன. இலங்கையை ஒட்டிய கடல்மேல் நடந்த அந்தக் கதைக்கும் கியூவின் 'ஏர் 27'தான் வாசல்.

விழுந்த இடத்தையே பார்க்க வேண்டும் என்று பலருக்கு ஆசை. இங்கிலாந்தின் பீக் மாவட்ட மேடுகளில் இன்றும் உலோகத் துண்டுகள் கிடக்கின்றன. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த இடங்கள் பாதுகாக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் தோண்டுவதோ ஒரு துண்டை எடுத்துவருவதோ குற்றம். மழைக்காலத்தில் அந்தச் சதுப்பு நிலம் முழங்கால் வரை இழுக்கும். நல்ல பூட்ஸும் வரைபடமும் இல்லாமல் ஏறாதீர்கள்.