மயக்க மருந்துக்கு முன் வெறும் வயிறு ஏன்?



ஆறு வயதுப் பையன் ஒருவனுக்குக் குடலிறக்க ஒப்பரேஷன். காலையில் போய் பின்னேரம் திரும்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். விடிய நாலு மணிக்கே லயத்திலிருந்து இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து, தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். துணைக்கு நாங்களும் போனோம். தியேட்டர் வாசலில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், "தம்பி, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். "ஒன்னுமில்லைங்க" என்று தாய் முந்திக்கொண்டார். பையன் விடவில்லை. "ரொட்டி தின்னேன், சம்பலோட" என்றான்.

அன்று ஒப்பரேஷன் நடக்கவில்லை. "சோறு குடுக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க, ரொட்டிதானேங்க குடுத்தேன். புள்ள பசியில அழுதுச்சு" என்று தாய் கண்ணைக் கசக்கினார். ஒரு நாள் பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு. எங்களுக்கும் அன்று டாக்டர் மேல் கோபந்தான். விஷயம் விளங்கிய பிறகு கோபம் போய்விட்டது.

நாம் சாதாரணமாகத் தூங்கும்போது சாப்பாடு மேலே வந்தால் இருமல் வந்து எழுப்பிவிடும். மயக்க மருந்து தரும் தூக்கம் அப்படியானதல்ல. அதில் இருமலும் தூங்கிவிடும். இரைப்பையின் வாயை மூடி வைத்திருக்கும் தசையும் தளர்ந்துவிடும். வயிற்றில் கிடப்பது தொண்டைக்கு ஏறி, சத்தமில்லாமல் சுவாசப்பைக்குள் இறங்கலாம். கட்டியான சாப்பாடு மூச்சுக்குழாயை அடைக்கும். வயிற்றுப் புளிப்பு நீர் சுவாசப்பையை வேகவைத்த மாதிரிப் புண்ணாக்கும்.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்துப் பிரசவ வைத்தியர் மெண்டல்சன். 44,016 பிரசவங்களின் பதிவுகளைப் பார்த்து, மயக்கத்தில் இருந்த 66 தாய்மாருக்கு இப்படி நடந்ததை 1946ல் எழுதினார். கட்டிச் சாப்பாடு அடைத்து இரண்டு பேர் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் 'ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணியும் கூடாது' என்ற கட்டுப்பாடு ஊரெல்லாம் பரவியது.

இப்போது அந்தக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ரொட்டி, சோறு, பிஸ்கட், பால், பால் தேத்தண்ணி எல்லாம் 6 மணித்தியாலத்துக்கு முன்னமே நிறுத்த வேண்டும். எண்ணெயில் பொரித்தது, இறைச்சி என்றால் இன்னும் கூட நேரம் வேண்டும். தாய்ப்பாலுக்கு 4 மணித்தியாலம். ஆனால் தண்ணீர் வயிற்றில் தங்காது, சீக்கிரம் இறங்கிவிடும். ஆகவே 2 மணித்தியாலத்துக்கு முன்வரை குடிக்கலாம் என்று அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர் சங்கம் 1999லேயே சொல்லிவிட்டது. பிள்ளைகளுக்கு 1 மணித்தியாலம் போதும் என்று 2022ல் ஐரோப்பிய வைத்தியர்கள் சொன்னார்கள். நமக்குச் சந்தோஷமான செய்தி, பால் விடாத சாயத்தண்ணியும் இந்தத் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும், சீனி போட்டாலும் சரி. நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் டாக்டரைக் கேட்காமல் எதையும் குடிக்க வேண்டாம். மற்றவர்களும் உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் நேரத்தையே பிடியுங்கள். "சாயத்தண்ணி எத்தனை மணி வரைக்கும் குடிக்கலாங்க?" என்று முதல் நாளே கேட்டு வைத்தால், தூரத்துத் தோட்டத்துப் பிள்ளை ராத்திரியிலிருந்து தொண்டை காய்ந்து கிடக்கத் தேவையில்லை.

"பேரை எத்தனை தடவைதான் கேப்பாங்க?" என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008ல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், வெட்டுவதற்கு முன், தியேட்டரை விட்டு வெளியே வருமுன் என்று மூன்று தடவை நிறுத்தி, பெயர் என்ன, எந்தப் பக்கம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பார்ப்பார்கள். எட்டு நாடுகளில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்து பார்த்ததில், 100க்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்ததாக 2009ல் அறிவித்தார்கள். ஒரு காகிதத் துண்டு செய்த வேலை! ஆகவே சலிக்காமல் பதில் சொல்லுங்கள். பல்செட், ஆடுகிற பல், ஆஸ்துமா, பீடி, குடி எதையும் மறைக்க வேண்டாம். வாயில் வெற்றிலை இருந்தால் அதையும் சொல்லுங்கள். தவறிச் சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஏசினால் ஏசட்டும்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் துண்டு சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அந்தப் பையனுக்கு இரண்டு கிழமைக்குப் பிறகு ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இந்தத் தடவை 'ரொட்டியும் கூடாது' என்று தமிழில் எழுதி வாங்கிக்கொண்டுதான் தாய் வீட்டுக்கு வந்தார்.