மீண்டு வந்த வெண்கலச் சிலை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகள் கல்லூரிக் கால்பந்தாட்டத்திற்கு உரியவை. அந்நாட்டார் கால்பந்து என்று வழங்குவது தமிழ்நாட்டுச் சிறுவர் ஆடும் கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவினது. அதனைக் கையால் எறிந்தும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியுமே பெரும்பாலும் ஆடுவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் ஆடும் அரங்கில் 2005-இல் ஏறத்தாழ 90,000 பேர் ஒருங்கே அமர்ந்து காண இயன்றது. தேர்த்திருவிழாவுக்குத் திரள்வதுபோல் மக்கள் அங்கே திரள்வர்.

2005-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவ்வரங்கில் ரெஜி புஷ் என்னும் இருபது வயது மாணவர் ஆடினார். எதிரே நின்றது பிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு. ஆடுகளத்தின் நீளம் 100 கெஜம். அன்று ஒரே ஆட்டத்தில் புஷ் பந்தோடு கடந்த தூரம் 513 கெஜம். பிடிக்க வந்தோரின் கை சட்டையைத் தொடுமுன் அவர் வேறு திசையில் சென்றுவிடுவார். அடுத்த திங்களில் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் பரிசு அவருக்குக் கிடைத்தது. பந்தை ஒரு கையில் இடுக்கி, மறு கையை நீட்டி எதிரியை விலக்கும் வீரனின் வெண்கலச் சிலையே அப்பரிசு. 1935 முதல் ஆண்டுதோறும் ஒருவருக்கு அது வழங்கப்பட்டு வருகிறது.

இத்துணைப் புகழ் பெற்ற அம்மாணவர், விதிப்படி, ஆட்டத்திற்கென ஒரு டாலரும் ஊதியமாகப் பெறக் கூடாதவராயிருந்தார். கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம், நூல்கள் ஆகியவற்றிற்கான உதவிச் சம்பளம் ஒன்றே அவருக்கு உரியது. நுழைவுச் சீட்டு விற்ற பணமும் தொலைக்காட்சி நிலையத்தார் தந்த பணமும் கல்லூரிகளுக்குச் சென்றன. பயிற்சியாளர் ஆண்டுக்குப் பல இலட்சம் டாலர் ஊதியம் பெற்றார். புஷ் அணிந்த 5-ஆம் எண் பொறித்த சட்டைகள் கடைகளில் விலைபோயின. அவற்றிலும் அவருக்குப் பங்கில்லை.

இவ்விதி தோன்றிய வரலாறு நெடியது. 1905-இல் ஆட்டக்களத்தில் மாணவர் பலர் மாண்டனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரித் தலைவர்களை அழைத்து ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். அதன் பயனாக 1906-இல் கல்லூரிகள் தமக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. பொருளுக்காக ஆடுவது இழிவு, ஆட்டத்தின்பொருட்டே ஆடுவது உயர்வு என்னும் கொள்கையை இங்கிலாந்தின் செல்வக் குடியினரிடமிருந்து அச்சங்கம் ஏற்றுக்கொண்டது. உழைத்து உண்ண வேண்டாதாரிடையே பிறந்த கொள்கை அது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1955-இல் கொலொராடோ மாநிலத்தில் கல்லூரி ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி, தொழிலாளர் குடும்பத்திற்கு உரிய இழப்பீட்டைத் தமக்கு அளிக்குமாறு வேண்டினார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று கூறி 1957-இல் மாநிலத் தலைமை நீதிமன்றம் அதனை மறுத்துவிட்டது. ‘மாணவ ஆட்டக்காரர்’ என்னும் தொடர் அக்காலத்தில்தான் சங்கத்தின் ஏடுகளில் நிலைபெற்றது. இத்தகைய வழக்குகளுக்கு அஞ்சியே அத்தொடரை வகுத்ததாக, சங்கத்தை 1951 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்திய வால்ட்டர் பயர்ஸ் என்பாரே பிற்காலத்தில் எழுதினார்.

கல்லூரி வாயிலின் வெளியே தரகர்கள் காத்து நின்றனர். தரகு என்றதும் அதனை இழிதொழிலாகக் கருதுதல் வேண்டா. கல்லூரியை விட்டுத் தொழில்முறைக் குழுவில் சேரும் இளைஞர், பெருஞ்செல்வர்களாகிய குழு முதலாளிகளுடன் தனித்து நின்று பேரம் பேச வல்லவர் அல்லர். அவருக்காகப் பேசி, ஒப்பந்தம் எழுதி, அதில் ஒரு சிறு பங்கைப் பெறுவது தரகர் தொழில். கால்பந்தில் அப்பங்கு நூற்றுக்கு மூன்றை மிஞ்சலாகாது. எனினும் ஒரு கோடி டாலர் ஒப்பந்தத்தில் நூற்றுக்கு மூன்று என்பது மூன்று இலட்சம்; விளம்பரங்களால் வரும் வருவாயில் தரகரின் பங்கு அதனினும் மிகுதி. ஆகவே, வருங்காலத்தில் செல்வம் ஈட்டப்போகும் மாணவரை அவர் படிக்கும்போதே பிணித்துவிடச் சிலர் முற்பட்டனர். தாம் நேரே வாராமல் மாணவரின் உறவினரையும் நண்பரையும் தூது விடுவர். முதலில் விருந்து, பின்னர் விமானச் சீட்டு, பின்னர்க் கைச்செலவுக்குப் பணம். தூண்டிற்காரர் மீனுக்கு இரையிடுவதும் இவ்வாறே.

1980-களில் நியூயார்க் நகரத்து நார்பி வால்ட்டர்ஸ் என்னும் தரகர், படித்துக்கொண்டிருந்த 58 ஆட்டக்காரர்களிடம் மறைவாகக் கையொப்பம் பெற்றார். பின்னாள் தேதியிட்ட அவ்வொப்பந்தங்களை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்தார். மோட்டார் வண்டியும் பணமும் மாணவர் கைக்குச் சென்றன. இறுதியில் சொன்ன சொல் தவறாதவர் இருவரே; மற்றை 56 பேரும் பெற்றதைப் பெற்றுக்கொண்டு வேறு தரகரிடம் சென்றுவிட்டனர்! வழக்கு நெடுநாள் நடந்தது. 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வால்ட்டர்ஸைத் தண்டனையினின்றும் விடுவித்தது. பின்னர் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய தரகரை அடக்கச் சட்டம் இயற்றின. 2004-இல் நடுவண் அரசும் ஒரு சட்டம் இயற்றியது.

அச்சட்டம் பிறந்த காலத்திலேயே புஷ்ஷின் குடும்பத்தாரை இருவர் அணுகினர். புதிதாய் ஒரு தரகு நிறுவனம் தொடங்கி, அவரையே அதன் முதல் பெரும் வாடிக்கையாளராக்க அவர்கள் விரும்பினர். சான்டியாகோ நகரை அடுத்து ஒரு வீட்டில் புஷ்ஷின் பெற்றோர் வாடகையின்றிக் குடியிருந்தனர் என்றும், வாகனம், பயணச் செலவு, விடுதிச் செலவு, ரொக்கம் ஆகியவையும் கைமாறின என்றும் கல்லூரிச் சங்கம் விசாரித்து முடிவு செய்தது. 2006-இல் கல்லூரியை விட்டு நீங்கிய புஷ் வேறு தரகரைத் தேர்ந்துகொண்டார். கொடுத்தவர் சினந்தனர், பணத்தைத் திருப்பிக் கேட்டனர், செய்தி வெளியாயிற்று. மறைவாகக் கொடுப்பவர் கைம்மாறு கிட்டாதபோது ஊரறியப் பேசுவது வியப்பன்று. பெறுபவரோ, பெற்ற நாள் முதலே அவர் வாய்க்கு அஞ்சி வாழ நேர்கிறது. பொருளின் அளவைக் காட்டிலும் இவ்வச்சமே கொடிது.

2010-ஆம் ஆண்டு சூன் திங்களில் சங்கம் தண்டனை விதித்தது. பல்கலைக்கழகத்தின் 14 வெற்றிகள் ஏட்டினின்றும் நீக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் பருவ இறுதிப் பெரும்போட்டிகளில் ஆடலாகாது என்றும், மூன்று ஆண்டுகளில் 30 உதவிச் சம்பளங்களைக் குறைத்தல் வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. 2004-ஆம் ஆண்டுப் பருவத்தின் தேசியப் பட்டமும் 2011-இல் பறிபோயிற்று. புஷ்ஷுடன் எத்தொடர்பும் கொள்ளலாகாது என்று பல்கலைக்கழகம் தடுக்கப்பட்டது. அவருடைய படங்கள் அதன் சுவர்களினின்றும் அகன்றன. 2010 செப்டம்பரில் அவர் ஹைஸ்மன் பரிசைத் துறந்தார். அப்பரிசின் வரலாற்றில் அதற்கு முன் அவ்வாறு நிகழ்ந்ததில்லை.

தண்டனை யாரைச் சென்று தாக்கியது? புஷ் அப்போது தொழில்முறை ஆட்டக்காரராய்ச் செல்வம் ஈட்டிக்கொண்டிருந்தார். தலைமைப் பயிற்சியாளர், தீர்ப்பு வருமுன்னரே, வேறு பதவி ஏற்றுச் சியாட்டில் நகருக்குச் சென்றுவிட்டார். 2010-இல் களத்தில் இறங்கிய இளைஞர்களோ, 2005-இல் உயர்நிலைப் பள்ளியிலும் அதற்குக் கீழும் படித்துக்கொண்டிருந்த சிறுவர்கள். அவர்கள் எவர் கையிலும் எதுவும் பெற்றவர் அல்லர். மூத்த மாணவர்க்கு விரும்பினால் வேறு கல்லூரிக்குச் செல்ல உரிமை தரப்பட்டது, அவ்வளவே. உதவிச் சம்பளம் குறைந்ததால் கல்லூரி வாய்ப்பை இழந்த ஏழை மாணவர் எத்தனை பேரோ, அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

காலம் மாறிற்று. 2021 சூன் திங்களில், படிப்பு தொடர்பான உதவிகளுக்குச் சங்கம் வரம்பிடுவது சட்டத்திற்கு ஒவ்வாது என அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அடுத்த திங்களின் முதல் நாள்தொட்டு, மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்கு அளித்து வெளிப்படையாகப் பொருள் பெறலாம் என விதி தளர்ந்தது. 2025 சூன் திங்களில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே மாணவ ஆட்டக்காரருக்குப் பணம் வழங்கலாயின. 2025-26-ஆம் கல்வியாண்டில் ஒரு கல்லூரிக்கு அதன் உச்ச வரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர். புஷ் காலத்தில் விளம்பரத்திற்கு முகம் காட்டி ஒரு நாள் கூலி பெறுவதும் குற்றம். அவருக்குப் பின் வந்தோர்க்கு அதுவே உரிமை. எனினும் அவர் பெற்றதாகச் சொல்லப்பட்டது அத்தகைய கூலியன்று. வருங்கால ஒப்பந்தத்தை நாடி மறைவாக வந்த முன்பணம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு அவரைக் குற்றமே அற்றவர் எனப் புகழ்வாரும் உளர்.

2024 ஏப்ரல் 24 அன்று ஹைஸ்மன் பரிசுக் குழுவினர், கல்லூரி விளையாட்டில் நேர்ந்த பெருமாற்றத்தைக் காரணம் காட்டி, வெண்கலச் சிலையைப் புஷ்ஷுக்கே திரும்ப அளித்தனர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. ஓட்டமெல்லாம் ஓய்ந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. நீக்கப்பட்ட 14 வெற்றிகள் சிலையோடு திரும்பவில்லை.