பேட்டரியில் ஓடும் கைக் கணினி: நாமே கூட்டும் முறை



கடைக்குள் இருக்கும் வரை கணக்கு எழுதுவது பெரிய காரியமல்ல. சாமானை வேனில் ஏற்றிக்கொண்டு இரவுச் சந்தைக்குப் போகும் நாளில்தான் தொல்லை. மழைச் சாரலில் நோட்டு நனைந்து மை கரைந்தால், யார் எவ்வளவு பாக்கி என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். அதைக் கடைப் பையனிடம் கொடுத்தால் என் பேங்குக் கணக்கும் அவன் கைக்குப் போகிறதே! ஆகையால் நானும் என் சகோதரி மகனும் சேர்ந்து, உதிரிச் சாமான்களைக் கொண்டு சிறு கணினி ஒன்றைக் கூட்டினோம்.

இந்த எண்ணம் புதிதன்று. 1983-ல் அமெரிக்காவில் வந்த டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100 என்னும் கணினி, 4 சிறு பேட்டரிகளில் சுமார் 20 மணி நேரம் ஓடியது. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்கள் சிலரும் ஒரு கம்பெனியாரும் கூடி, கிராமத்து ஏழைகளுக்காகச் சிம்ப்யூட்டர் என்ற கைக் கணினியை அமைத்து 2001-ல் காட்டினார்கள். ஒரே யந்திரத்தைப் பலர் மாறி மாறி உபயோகிக்க, ஆளுக்கொரு அட்டை என்று ஏற்பாடு. நல்ல யோசனைதான், ஆனால் 2004-ல் விற்பனைக்கு வந்தும் எதிர்பார்த்தபடி விலை போகவில்லை. பின்னர் 2012-ல் இங்கிலாந்தில், பிள்ளைகள் பழகுவதற்கென்று ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி வந்தது. எங்களுடையது அதன் சிறிய வகையான ஜீரோ 2 டபிள்யூ; நீளம் 65 மில்லிமீட்டர், அகலம் 30.

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் மின்னணுச் சாமான் கடைகள் பல உண்டு என்பது தாங்கள் அறிந்ததே. பலகை, நினைவு அட்டை, 5 அங்குலத் திரை, சிறு கீபோர்டு, லித்தியம் பேட்டரி 2, சார்ஜ் ஏற்றும் தகடு, வோல்ட்டை உயர்த்தும் தகடு இவ்வளவும் வேண்டும். பேட்டரி வாங்குகையில் கவனம். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். அந்த அளவில் 9,900 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் அது பச்சைப் பொய். 3,500 அளவில் இருப்பதே உயர்ந்த சரக்கு. எடையில் ஏமாற்றுவதும் இதுவும் ஒன்றே.

பேட்டரி சராசரியாக 3.7 வோல்ட் தரும். முழுக்க ஏறினால் 4.2. கணினிக்கோ 5 வோல்ட் வேண்டும். அதனால்தான் உயர்த்தும் தகடு. 3,000 மில்லி ஆம்பியர் பேட்டரி இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 22 வாட் மணிக்குச் சற்று மேல் கிடைக்கும். உயர்த்துவதில் ஏற்படும் நஷ்டம் போகச் சுமார் 18 என்று வைப்போம். திரையும் பலகையும் சேர்ந்து 4.5 வாட் தின்றால், 4 மணி நேரம் ஓடும். சந்தைக்கு அது போதும். இரண்டு பேட்டரிகளும் ஒரே வோல்ட்டில் இருக்கும்போதே இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் பாய்ந்து சூடேறும், நெருப்பும் பற்றலாம். பாதுகாப்புச் சுற்று உள்ள சார்ஜ் தகட்டையே கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் கணினிக்கு மின்சாரம் சரியாகப் போய்ச் சேரவில்லை.  பேட்டரியில் குறையில்லை, நான் மிச்சம் பிடித்து வாங்கிய மெல்லிய வயரே காரணம். தடித்த வயர் போட்டதும் தீர்ந்தது.

நிற்க. இதைவிடப் பெரிய பிழை ஒன்று நடந்தது. ஒரு வியாழக்கிழமை சந்தையில், வாடிக்கைக்காரர் ஒருவர் 85 வெள்ளிக்குக் கடன் வாங்கினார். பின்னர் பாக்கியைக் கேட்டபோது, "தம்பி, போன வியாழக்கிழமை அன்றே எல்லாம் தீர்த்துவிட்டேனே" என்றார். கணினியைப் பார்த்தால் அந்த 85 வெள்ளி போன வியாழன் தேதியில்தான் இருக்கிறது! தீர்த்த கடனை மறுபடி கேட்பவன்போல் நான் நின்றேன்.

விஷயம் இதுதான்: இந்தப் பலகையில் கடிகாரம் கிடையாது. இன்டர்நெட் இருந்தால் நேரத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லையேல் கடைசியாக அணைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். சந்தையில் இன்டர்நெட் ஏது? ஒரு வாரம் பின்தங்கியே எழுதிக்கொண்டிருந்தது. மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், "பிழை என்னுடையது, நானா" என்று சொல்லிவிட்டு, அன்றைய பில் துண்டுகளைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்துக் கொடுத்தார். ஆனால் அந்த ஓர் இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

அதன்பின் டி.எஸ்.3231 என்ற கடிகாரத் தகட்டை வாங்கி, நாலு கம்பிகளில் ஈயம் வைத்து இணைத்தோம். அதற்கென்று ஒரு பொத்தான் பேட்டரி தனியே இருப்பதால், கணினி அணைந்திருந்தாலும் தேதி பிசகுவதில்லை. இன்னொன்று: பேட்டரி தீரும் வரை ஓட விடாதீர்கள். எழுதும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால் நினைவு அட்டையிலுள்ள கணக்கே கெட்டுப்போகலாம். மூன்று மணி நேரம் ஆனதும் முறைப்படி அணைத்துவிட்டு, மிச்சத்தைக் காகிதத்தில் எழுதுகிறோம்.

மருமகன் இப்போது அதற்கு மரப்பெட்டி செய்கிறான். மழைத் தண்ணீர் உள்ளே போகாத மூடிதான் இன்னும் சரியாக அமையவில்லை.