இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி

குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து நெய்வோருக்கும், வயலில் குனிந்து உழைப்போருக்கும் இடுப்பு வலி புதியதன்று. ஆயினும், இடுப்பில் தொடங்கி, பிட்டம், தொடை வழியாக முழங்காலுக்குக் கீழும் மின்னல்போல் பாயும் வலி வேறு வகையைச் சேர்ந்தது. இதனை மருத்துவர்கள் சயாட்டிகா என்பர்.

இதற்குக் காரணம் யாது? இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றுக்கிடையே மெத்தைபோல் அமைந்த தட்டுகளையே மக்கள் ‘ஜவ்வு’ என்கின்றனர். தட்டின் வெளிவளையம் தளர்ந்து கிழியும்போது, உள்ளிருக்கும் கூழ் போன்ற பொருள் பிதுங்கி நரம்பின் வேரை நெருக்குகிறது; அங்கே அழற்சியும் உண்டாகிறது. பெரும்பாலும் கடைசி இரு தட்டுகளிலேயே இது நேர்கிறது. மேல்தட்டு பிதுங்கினால் புறங்காலிலும் பெருவிரலிலும் மரமரப்புத் தோன்றும். கீழ்த்தட்டாயின் பாதத்தின் வெளியோரத்திலும் சுண்டுவிரலிலும் தோன்றும். முதுமையில் நரம்புப் பாதை குறுகுவதாலும் இவ்வலி வரலாம். அது நடந்தால் மிகும், முன்குனிந்து அமர்ந்தால் தணியும்.

தொடக்கத்தில் இருமினாலும் தும்மினாலும் வலி சுண்டி இழுக்கும். எனினும் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் வலி தணிகிறது. பிதுங்கிய பொருளைப் பல சமயங்களில் உடலே கரைத்துவிடுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதும், மீண்டும் வருவதும் உண்டு. படுக்கையே மருந்து என்பது பழைய கருத்து. இயன்ற அளவு நடமாடுதலே நன்று. நெய்வோர் அவ்வப்போது தறியைவிட்டு எழுந்து சிறிது நடத்தல் வேண்டும். மூட்டை தூக்குவோர் முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து, இடுப்பைத் திருகாமல் எழுதல் வேண்டும்.

ஆயினும் சில அறிகுறிகளைப் பொறுத்திருத்தல் கூடாது. சிறுநீர் பிரியாமலோ, தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ கழிந்தாலோ, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு குன்றினாலோ, இரு கால்களும் வலுவிழந்தாலோ, அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடக்கூடும். பாதம் தொங்கிச் செருப்பு நழுவினாலும், தறியின் மிதியை அழுத்த இயலாமற்போனாலும், வலியுடன் காய்ச்சலோ காரணமற்ற உடல் மெலிவோ காணப்பட்டாலும் மருத்துவரை விரைந்து காண்க. இந்நிலைகளில் எண்ணெய் தேய்த்து நீவி நாள் கடத்துதல் தகாது.

சிறுநீர்க் கோளாற்றை வெளியே சொல்ல வெட்கி மறைப்போரும், ஒருநாள் கூலி போகுமே எனத் தயங்குவோரும் உளர். அத்தயக்கத்தால் இழப்பது ஒருநாள் கூலி அன்று. உழைக்கும் கால்களையே இழக்க நேரிடலாம் என்பதை அங்கத்தினர்கள் தம் வீட்டாருக்கும் எடுத்துரைப்பார்களாக.